மூன்றாம் தடவைக்குக் காத்திருந்தவன்

1

விருந்தாளியாக உட்கார்ந்து பசியோடு எழுந்தது என் எழுபத்து நான்கு வயதில் இரண்டே தடவை. முதல் தடவை நியூசிலாந்தில், ஹாமில்டன் நகரத்தில், நாங்கள் குடியேறிய வருடம். இரண்டாவது தடவை போன மாதம், கோயம்புத்தூரில்.

முதலாவதை எப்போதோ மன்னித்துவிட்டேன். அது அந்நிய ஊர், அந்நிய மேஜை. இரண்டாவது நடந்த வீடு நான் பிறந்த சூலூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறது. தட்டில் இருந்தது அரிசியும் பருப்பும் சாதம். எதிரே உட்கார்ந்திருந்தது என் சொந்தப் பேத்தி. இதை எப்படி மன்னிப்பது என்று இரண்டு நாள் தெரியவில்லை.

எண்ணுவது என் பழக்கம். பால்பவுடர் ஆலையில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். மூட்டை மூட்டையாக எண்ணி, எடை பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். ஓய்வு பெற்ற பிறகும் அது என்னை விடவில்லை. படிக்கட்டு, மாத்திரை, சிக்னலில் நிற்கிற வண்டி, மண்டபத்தில் சுற்றுகிற மின்விசிறி எல்லாம் எண்ணுவேன். மருமகள் இதை "மாமாவோட பொழுதுபோக்கு" என்று சொல்வாள். நல்ல பெண்.

அன்று எண்ணியது கரண்டி. என் தட்டில் இரண்டு கரண்டி விழுந்தது. "போதுங்க அம்மணி" என்றேன். பரிமாறிய பெண் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தட்டுக்குப் போய்விட்டாள். நான் மூன்றாவது கரண்டிக்குக் காத்திருந்தேன். அது வரவில்லை.

2

எங்கள் பக்கத்துச் சாப்பாட்டு மரியாதையை மற்ற ஜில்லாக்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஒருவர் வீட்டுக்குப் போனால் "சாப்பிட்டுத்தானுங்க வந்தேன்" என்று ஆரம்பிக்க வேண்டும், சாப்பிடாவிட்டாலும். அதை வீட்டுக்காரர்கள் நம்பக்கூடாது. இலை போட்ட பிறகு "போதுங்க" என்று சொல்ல வேண்டும். அதையும் அவர்கள் நம்பக்கூடாது. முதல் "போதுங்க" வாய்க்கு, இரண்டாவது வீட்டுக்கார அம்மணிக்கு, மூன்றாவதுதான் வயிற்றுக்கு. மூன்றாம் தடவையும் சொன்னால்தான் அது போதும்.

பந்தியில் இது இன்னும் கடுமை. இலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு குனிந்துவிடுவோம். பரிமாறுகிறவர் வாளியோடு நின்று, "கையை எடுக்கறீங்களா, கைமேலயே ஊத்திப்போடட்டுங்களா?" என்பார். ஊற்றியும் இருக்கிறார்கள். என் கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் வீட்டு விருந்தில் என் விரல் இடுக்கில் ரசம் ஓடி மணிக்கட்டுவரை வந்தது. புதுப்பெண் சரஸ்வதி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். அவள் சிரிப்பை நான் முதலில் கேட்டது அன்றுதான்.

இந்தப் படிப்போடு ஹாமில்டனுக்குப் போனோம். என் மேற்பார்வையாளர் கிரேம் ஒரு சனிக்கிழமை எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். அவர் மனைவி அவித்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தை என் பக்கம் நீட்டி, இன்னும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம், நன்றி என்றேன். பாத்திரம் அடுத்தவரிடம் போனது. சரஸ்வதியும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பாத்திரம் எங்கள் பக்கம் வரவே இல்லை. எனக்கு இரண்டு கிழங்கு, அவளுக்கு ஒன்று. நன்றாகப் பேசினார்கள், தோட்டத்தைக் காட்டினார்கள், கார்வரை வந்து வழியனுப்பினார்கள்.

வீடு வந்ததும் சரஸ்வதி சேலைகூட மாற்றவில்லை. குக்கரில் எண்ணெய் ஊற்றி, சீரகமும் மிளகும் பொரித்து, வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி போட்டு வதக்கி, அரிசியையும் துவரம்பருப்பையும் ஒன்றாகக் கழுவிக் கொட்டி, மூடிவிட்டாள். மூன்று விசில். அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டோம். "பாவம், அவங்களுக்குக் கேக்கத் தெரியலீங்க" என்றாள்.

அவள் போய் நான்கு வருடம் ஆகிறது. நான் இந்த முப்பத்தொரு வருடத்தில் நியூசிலாந்துக்காரர்களைப் பற்றிப் பலரிடம் பலவிதமாகக் குறை சொல்லியிருக்கிறேன். எல்லாக் குறையையும் சுருக்கினால் அவள் சொன்ன அந்த ஒரு வரிதான் மிஞ்சும்.

3

நான் ஏன் கோயம்புத்தூர் வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

என் பேத்தி இனியா ஹாமில்டனில் பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் எல்லோரும் எதிர்பார்த்த எதையும் செய்யாமல், பிசியோதெரபி படிக்கக் கோயம்புத்தூர் போகிறேன் என்றாள். நம் பிள்ளைகள் நம்மை விட்டு விலகி எங்கேயோ போய்விடுவார்கள் என்று புலம்பாத புலம்பெயர்ந்தவன் கிடையாது. விலகுகிறவள் நாங்கள் கிளம்பி வந்த ஊருக்கே விலகுவாள் என்று யாரும் எங்களை எச்சரிக்கவில்லை.

இப்போது மூன்றாம் வருடம். ஒரு பேப்பரில் அரியர் விழுந்துவிட்டது. வீடியோவில் பார்த்தால் கன்னம் ஒட்டியிருந்தது. என் மகன் செந்தில் பயந்துவிட்டான். ஹாமில்டன் பக்கத்திலேயே ஒரு கல்லூரியில் மாறிச் சேர இடம் பார்த்து வைத்தான். வந்துவிடு என்றான். அவள், "வரலீங்ப்பா" என்றாள். மருமகள் கேட்டாள். "வரலீங்மா." நான் கேட்டேன். "வரலீங் அப்பாரு." அப்பாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்பாரு என்றுதான் கூப்பிடுவார்கள், ஹாமில்டனில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த ஒரே குழந்தை அவளாகத்தான் இருக்கும்.

மரியாதைக்குச் சொல்கிறாள், செலவு வைக்கக்கூடாது என்று கூச்சப்படுகிறாள் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். செந்தில் எனக்கு விமானச் சீட்டு எடுத்தான். போக ஒன்று. திரும்ப இரண்டு, பக்கத்துப் பக்கத்து இருக்கை. "நீங்க நேர்ல இருந்து பாருங்ப்பா. சாப்பிடறாளா, சமாளிக்கறாளான்னு உங்க கண்ணால பாத்துச் சொல்லுங்க. சரியில்லைன்னா கையோட கூட்டிட்டு வந்துருங்க" என்றான். இனியாவிடம் இரண்டாவது சீட்டைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை.

அவள் இருப்பது பீளமேட்டுக்குள் ஒரு மாடி வீடு. மூன்று பெண்கள். இனியா, வால்பாறைத் தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து வந்த ஷீபா, உடுமலைப்பேட்டைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் மகள் தரணி. மூன்று பேரும் ஒரே வகுப்பு. எனக்கு முன்னறையைக் காலி செய்து கொடுத்திருந்தார்கள். ஒரு கட்டில், ஒரு மேஜை, மேஜைமேல் எலும்புக்கூட்டின் தோள்மூட்டு ஒன்று, பிளாஸ்டிக்கில்.

வந்த மறுநாள் சிம் கார்டு வாங்கப் போனேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றதும் மூன்று கடையில் இல்லை என்றார்கள். நான்காவது கடைப் பையன் பொறுமைசாலி. உள்ளூர்க்காரர் ஒருத்தருடைய நம்பர் வேண்டும், அதற்கு ஓடிபி வரும் என்றான். "நானே உள்ளூர்தானுங்க தம்பி, சூலூரு" என்றேன். "சிஸ்டம் ஒத்துக்காதுங்க சார்" என்றான். கடைசியில் இனியாவின் நம்பரைக் கொடுத்தேன். அவளுக்கு எண் வந்தது, அவள் படித்துச் சொன்னாள், எனக்கு சிம் வந்தது. சூலூரில் பிறந்தவனுக்கு ஹாமில்டனில் பிறந்தவள் உள்ளூர்ச் சாட்சி.

அவள் தமிழ் இன்னொரு வேடிக்கை. எங்களிடம் மட்டுமே கேட்டுப் பழகியதால், நாங்கள் ஊரை விட்ட வருடத்துத் தமிழ் அப்படியே அவள் வாயில் இருக்கிறது. ஊடு என்பாள், வந்துபோட்டேன் என்பாள், நாய்க்குட்டியைக்கூட வாங்க போங்க என்பாள். ஆட்டோக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "அம்மணி அந்தியூருப் பக்கமுங்களா?" என்று கேட்டாராம். நியூசிலாந்து என்றதற்கு, "அங்கயும் நம்ம சனம் இருக்குதுங்களா" என்று சந்தோஷப்பட்டாராம்.

4

காலை ஏழு மணிக்குள் வாசலில் இருந்த மூன்று ஜோடிச் செருப்பும் காணாமல் போய்விடும். ஆஸ்பத்திரி டியூட்டி, வகுப்பு, மறுபடி டியூட்டி. காலையில் ஆளுக்கு ஒரு பக்கம் பிரெட்டோ பழமோ. மத்தியானம் கேன்டீன். ராத்திரிச் சாப்பாடு மட்டும் மூன்று பேரும் சேர்ந்து, ஏழரைக்கு. யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் அரிசி கழுவ வேண்டும். இரண்டாவது ஆள் வெங்காயம் உரிக்க வேண்டும். கடைசி ஆள் பாத்திரம் கழுவ வேண்டும். இதனால் மூன்று பேரும் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வருவார்கள்.

நான் வந்த அன்று தரணி சமைத்தாள். தோப்பிலிருந்து வந்த தேங்காய் எண்ணெயில் தாளித்த அரிசியும் பருப்பும், தயிர், சுட்ட அப்பளம். குக்கரைத் திறந்தபோது வந்த வாசனையில் எனக்குக் கண் கரித்தது. வெங்காயம் என்று சொல்லிச் சமாளித்தேன். ஷீபா பரிமாறினாள். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

என் பசி எனக்குப் பெரிதில்லை. விமானத்தில் கொடுத்த பிஸ்கட் பையில் இருந்தது. நான் பார்த்தது இனியாவை. அவளுக்கும் இரண்டு கரண்டிதான். "போதும்டீ" என்றாள். ஷீபா நகர்ந்துவிட்டாள். யாரும் இன்னொரு வாய் கேட்கவில்லை. என் பேத்தியை, "இன்னுங் கொஞ்சம் போட்டுக்க" என்று சொல்லக்கூட ஆளில்லாத வீட்டில் விட்டுவைத்திருக்கிறோம் என்று நினைத்தேன். ஒட்டிய கன்னத்துக்குக் காரணம் தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த நாள் தக்காளிக் குழம்பு. எனக்கு இரண்டு கரண்டி சாதம், அவளுக்கு ஒன்றரை.

மறுநாள் காலை, அங்கே மத்தியானம், செந்திலைக் கூப்பிட்டேன். இரண்டு கரண்டி, ஒன்றரைக் கரண்டி என்று கணக்கைச் சொன்னேன். அவன் உடனே, "அப்ப கூட்டிட்டு வந்துருங்ப்பா" என்றான். சரி என்றேன். சொன்னபோது என் குரலில் ஒரு திருப்தி இருந்தது. மூட்டையில் குறை கண்டுபிடித்தால் வருகிற அதே திருப்தி.

5

அன்று பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருந்தேன். கேஸ் சிலிண்டர்க்காரர் வந்தார், போனார். வேறு வேலையில்லை. இதே பீளமேட்டில் நான் படித்த காலம் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது.

நாங்கள் நான்கு பேர், ஒரே அறை. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். அதைப் பற்ற வைப்பதற்குள் இரண்டு பேராவது திட்டுவார்கள். குக்கர் கிடையாது, ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் அரிசியும் பருப்பும் கொதிக்கும். தினமும் அதேதான், ஏனென்றால் அதற்கு ஒரு பாத்திரம் போதும். நாங்கள் நால்வரும் ஒரே சனம், ஒரே சாதி. அறைக்கு ஆள் சேர்க்கும்போது அப்படித்தான் சேர்ந்தது. அதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, எல்லாவற்றையும் எண்ணுகிற நான் உட்பட.

நால்வருக்கும் நல்ல பசி. நால்வருக்கும் நல்ல மரியாதை. "நீ போட்டுக்க", "எனக்குப் போதும், நீ போட்டுக்க" என்று பாத்திரம் சுற்றிச் சுற்றி வரும். கடைசியில் ஒரு கரண்டி சாதம் எப்போதும் மிச்சம் நிற்கும். அதை யாரும் தொடமாட்டோம். தட்டுப் போட்டு மூடிவைத்துப் படுப்போம். காலையில் பார்த்தால் பாத்திரம் துடைத்ததுபோல இருக்கும். கண்ணம்பாளையத்துப் பொன்னுசாமி, "பூனை வந்துபோட்டுப் போயிருக்குது" என்பான். மாடி அறை, கம்பி போட்ட ஜன்னல். பூனை தட்டைத் திரும்ப மூடி வைத்துவிட்டும் போயிருக்கும். நாங்கள் மூவரும் பூனையை நன்றாகத் திட்டுவோம். பொன்னுசாமியும் சேர்ந்து திட்டுவான்.

ஹாமில்டன் வீட்டில் இப்போது ஐந்து தட்டு. நான் ஐந்தரைக்குச் சாப்பிடுவேன். மருமகள் ஏழுக்கு. செந்தில் வேலை முடிந்து வந்து. சின்னப் பேரன் தன் அறையில், திரையைப் பார்த்துக்கொண்டு. பாத்திரம் கழுவும் இயந்திரத்தைத் திறக்கும்போது எண்ணுவேன். நான்கு தட்டும் ஒன்றாக நிற்கும். ஐந்தாவது இனியாவுடையது, அலமாரியில் இருக்கிறது.

6

அன்று மாலை மூன்று பேரும் ஒன்றாகவே வந்தார்கள். இனியாவுக்கு எலும்பு முறிவு வார்டில் டியூட்டியாம், நாள் முழுக்க நின்றிருக்கிறாள். அவர்கள் வருவதற்குள் நானே அரிசி கழுவி வைத்திருந்தேன். மறுபடியும் அரிசியும் பருப்பும்.

சாப்பிடும்போதே பாடம் நடந்தது. ஒருத்தி ஒரு தசையின் பெயரைச் சொல்ல வேண்டும், அடுத்தவள் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்ல வேண்டும். தவறினால் அவள் அப்பளம் போச்சு. இனியா அரியர் வைத்திருந்த பேப்பர் இதுதான் என்று பிறகு தெரிந்தது. அவள் அப்பளம் ஒன்றுகூடப் போகவில்லை. இடையில் என் வலது முட்டியைக் காட்டி ஏதோ கேட்டார்கள். மூன்று பேரும் குனிந்து பார்த்து வாதம் செய்தார்கள்.

ஷீபா பரிமாறினாள். இனியாவுக்கு இரண்டு கரண்டி போட்டாள், மூன்று போட்டாள். இனியா தட்டை எடுக்கவில்லை.

"இன்னும் ரெண்டு போடுடீ. பசி உசுரு போவுது."

ஐந்து கரண்டி. நான் எண்ணினேன். எங்கள் வீட்டுப் பெண் தட்டை நீட்டி, வாய்விட்டுச் சோறு கேட்டதை அன்றுதான் பார்த்தேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளுக்கு இல்லை.

கரண்டி என்னிடம் வந்தது. இரண்டு. பழக்கத்தில் "போதுங்க" என்றேன். ஷீபா நகர்ந்தாள். அப்போதுதான் தரணி என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பயந்துபோய்ச் சிரித்துவிட்டாள்.

"ஏனுங் அப்பாரு, நீங்க சொன்னது நம்மூர்ப் 'போதுங்க'ங்களா?"

விஷயம் அப்படித்தான் வெளியே வந்தது. முதல் வருடம் இந்த வீட்டில் இனியாவும் தரணியும் போட்டி போட்டுக்கொண்டு "போதுங்க" சொல்லியிருக்கிறார்கள். இனியாவுக்கு அது ஹாமில்டனில் எங்களிடம் படித்த பாடம், தரணிக்கு உடுமலையில் படித்தது. தினமும் குக்கரில் சாதம் மிஞ்சி, காலையில் புளித்து, குப்பைக்குப் போனது. இரண்டு பேரும் ராத்திரி தண்ணீர் குடித்துப் படுத்திருக்கிறார்கள். ஷீபா ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சட்டம் போட்டுவிட்டாள்.

"எங்க லைன்ல எல்லாம் பசிச்சா பசிக்குதுன்னுதான் சொல்லுவோம் தாத்தா" என்றாள் ஷீபா. "இதுங்க ரெண்டும் சோத்துக்கு முன்னால கும்பிட்டுக்கிட்டே இருந்துச்சுங்க. நான் ஒரே வார்த்தைதான் சொன்னேன். இந்த வீட்ல ஒரு தடவைதான் கேப்பேன். போதும்னா போதும். வேணும்னா வேணும்."

ஒரம்பரைக்குமா என்று கேட்டேன். விருந்தாளியை நாங்கள் அப்படிச் சொல்வோம். ஷீபாவுக்கு அந்தச் சொல் புரியவில்லை, இனியா சொல்லிக்கொடுத்தாள். புரிந்ததும் அவள் முகம் வாடிவிட்டது. மூன்று நாளாக ஒரு கிழவனைப் பட்டினி போட்டிருக்கிறோமா என்று கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பட்டினி இல்லை அம்மணி, பிஸ்கட் இருந்தது என்றேன். அது நான் நினைத்த ஆறுதலைத் தரவில்லை.

பிறகு நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். மகிழ்ச்சியில் வாய் நழுவிவிட்டது. "இது தெரியாம உங்கப்பன்கிட்ட ரெண்டு கரண்டின்னு சொல்லிப்போட்டேனே கண்ணு, உனக்கும் சேத்து டிக்கெட்டு எடுத்து வச்சிருக்கறானே" என்றேன்.

இனியா சாப்பிடுவதை நிறுத்தினாள். மற்ற இருவரும் தட்டைப் பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு டிக்கெட்டுங்களா?"

ஆமாம் என்றேன்.

"நாந்தான் வரலீங்கன்னு சொன்னனுங்களே. அப்பாகிட்ட ஒருக்கா, அம்மாகிட்ட ஒருக்கா, உங்ககிட்ட ஒருக்கா."

நீ மரியாதைக்குச் சொல்கிறாய் என்று நினைத்தோம் என்றேன்.

"மரியாதையாத்தானுங் சொன்னேன்" என்றாள். "ஆனா நெசமாலுமே சொன்னனுங் அப்பாரு."

குரல் உயரவில்லை. 'ங்' ஒன்றுகூடக் குறையவில்லை. மூன்று தடவை சொன்னால் அது போதும் என்பதுதானே எங்கள் சட்டம். அவள் எங்கள் சட்டப்படியே மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். ஆளுக்கு ஒரு தடவை கேட்டதால் நாங்கள் ஒவ்வொருவரும் அதை முதல் தடவை என்று எண்ணியிருக்கிறோம். எண்ணுவதே வேலையாக இருந்தவன் கூட்டலில் தவறிவிட்டேன்.

கன்னம் ஏன் ஒட்டியிருக்கிறது என்றேன், வேறு பேச்சு தெரியாமல். டெங்கு வந்து பதினைந்து நாள் படுத்திருந்தாளாம். சொன்னால் அப்பா அடுத்த விமானத்தில் வந்து நிற்பார் என்று சொல்லவில்லை. அந்தப் பரீட்சைதான் போனது. அந்தப் பதினைந்து நாளும் ஷீபா கஞ்சி வைத்தாள், தரணி நோட்ஸ் எழுதினாள். "கஞ்சிக்கு மட்டும் சட்டம் கெடையாது, மூக்கைப் புடிச்சு ஊத்தினேன்" என்றாள் ஷீபா.

7

மறுநாள் காலை செந்திலைக் கூப்பிட்டேன். டீ ஆறும்வரை பேசினேன். டெங்குவைச் சொன்னபோது அவன் என்னிடம் கத்தினான், அவளிடம் கத்த முடியாததால். பிறகு அடங்கி, "அப்ப நீங்களே இன்னொருக்கா எடுத்துச் சொல்லிக் கேட்டுப் பாருங்ப்பா. நீங்க சொன்னா வருவா" என்றான்.

"கேக்க மாட்டேன் சாமி" என்றேன். "அவ மூணு தடவையும் சொல்லிப்போட்டா. ரெண்டு டிக்கெட்டுல ஒண்ண ரத்து பண்ணிப்போடு."

அவன் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவனும் எங்கள் வீட்டில் வளர்ந்தவன்தான். பிறகு, "நல்லாச் சாப்பிடறாளாங்ப்பா?" என்று கேட்டான். அஞ்சு கரண்டி என்றேன். அவன் அழுதான் என்று நினைக்கிறேன். போனில் சரியாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு என் நாட்கள் வேகமாகப் போயின. காலையில் செருப்புகள் போன பிறகு காய் வாங்கப் போவேன். மத்தியானம் சூலூர் பஸ்ஸில் ஏறி என் தம்பியைப் பார்த்துவிட்டு வருவேன். அங்கே மூன்றாம் தடவைவரை "போதுங்க" சொல்லி, வயிறு வெடிக்கச் சாப்பிட்டுவிட்டு, ஏழரைக்குள் திரும்பிவிடுவேன். வெங்காயம் உரிப்பது என் வேலை ஆயிற்று. சின்ன வெங்காயம், ஆளுக்கு ஏழு. கையை நீட்டித் "போடுங்க" என்று கேட்க மட்டும் எனக்கு வரவில்லை. தட்டைப் பார்த்தபடி நகராமல் உட்கார்ந்துவிடுவேன். தரணி என்னைப் பார்த்து, ஷீபாவைப் பார்த்து, கண்ணைக் காட்டுவாள். ஒரு கரண்டி விழும். சட்டத்தை மீறாமல் இப்படி ஒரு ஏற்பாடு.

கிளம்ப மூன்று நாள் இருந்தபோது பெட்டியை எடுத்துக் கட்டில்மேல் வைத்தேன். அன்று ராத்திரி இனியா பரிமாறினாள். எனக்கு இரண்டு கரண்டி போட்டாள். நான் பழைய ஊர்ப் பழக்கத்தில் இரண்டு கையாலும் தட்டை மூடினேன். அவள் நகரவில்லை. கரண்டியைக் குக்கருக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங் அப்பாரு, என்ற அரியர் பரீட்சை முடியற வரைக்கும் இங்கயே இருக்கறீங்களா?"

ஷீபாவும் தரணியும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்று பேரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது. என் வாய்க்கு ஒரு பதில் தயாராக வந்தது. இல்லை அம்மணி, படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்குச் சிரமம், அறையை அடைத்துக்கொண்டு என்று. அது முதல் தடவைக்கான பதில். அதற்கு அவள் "சிரமம் ஒண்ணும் இல்லீங்" என்பாள். நான் டிக்கெட்டைச் சொல்வேன். அவள் மறுபடி கேட்பாள். மூன்றாவதில் நான் ஒத்துக்கொள்வேன். எழுபத்து நான்கு வருடமாக எனக்கு வேண்டிய எல்லாமே இப்படித்தான் எனக்குக் கிடைத்திருக்கின்றன.

அவள் முகத்தைப் பார்த்தேன். இது அந்த வீடு இல்லை.

"ஒருக்காத்தானுங் கேப்பேன்" என்றாள்.

கரண்டியிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது.

தட்டிலிருந்து கையை எடுத்தேன்.